தகடு வளைத்தலும் அச்சுத் தேர்வும்

உலோகத் தகடுகளை வளைக்கும் பிறஸ் பிறேக் என்னும் பொறியைப் பற்றிப் பேசுவோர் அதன் ஆற்றலையே தொன் கணக்கிற் கூறுவது வழக்கம். (பெயரிலுள்ள பிறேக், வண்டியை நிறுத்தும் பிறேக் அன்று.) ஆயின் வளைவின் தன்மையைத் தீர்மானிப்பவை அதிற் பொருத்தப்படும் இரு கருவிகளே. ஒன்று, மேலிருந்து இறங்கும் பஞ்ச். மற்றையது, வீ வடிவப் பள்ளமுடைய டை.

இன்று பெருவழக்கிலுள்ள முறையிலே தகடு பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. பஞ்சின் முனையும் டையின் இரு விளிம்புகளுமே அதனைத் தாங்குகின்றன. எனவே வளைவின் உள் ஆரையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது பள்ளத்தின் அகலமே. மெல்லுருக்கில் அது அகலத்தின் 16 வீதமளவில் அமையும். கறையில் உருக்கில் 20 வீதத்தை அண்மும். பஞ்சின் கூர்மையே ஆரையைத் தருமென எண்ணுவது பொதுவான தவறாகும்.

தகட்டின் தடிப்பைப் போல எட்டு மடங்கு அகலமான பள்ளத்தைத் தேர்க என்பது பட்டறைகளின் பழைய விதி. 3 மில்லிமீற்றர் மெல்லுருக்குத் தகட்டை எடுத்துக்கொள்வோம். 24 மில்லிமீற்றர்ப் பள்ளத்தில் அதனைச் செங்கோணமாக வளைக்க மீற்றருக்கு ஏறத்தாழ 24 தொன் விசை வேண்டும். உள் ஆரை 4 மில்லிமீற்றரை அண்மும். விசை தடிப்பின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகவும் பள்ளத்தின் அகலத்துக்கு நேர்மாறு விகிதசமமாகவும் மாறுமென்பது மனங்கொள்ளத்தக்கது.

சிக்கல் தொடங்குவது வரைபட மேசையிலேயே. மடிப்பின் நீளம் பள்ள அகலத்தின் பத்தில் ஏழு பங்கிற்குக் குறையலாகாது. 24 மில்லிமீற்றர்ப் பள்ளத்துக்கு இது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். வரைபவர் 12 மில்லிமீற்றர் மடிப்பைக் குறித்துவிட்டாற் பள்ளத்தை 16 ஆகக் குறைக்கவேண்டும். விசையோ 36 தொன்னாக உயரும். பள்ளத்தை மாற்றாது வளைக்க முயன்றால் தகட்டின் விளிம்பு பள்ளத்துள் வழுக்கி விழும். அப்பொழுது தகட்டைப் பிடித்து நிற்பது வரைந்தவரின் கை அன்று, தொழிலாளியின் கை.

பஞ்சுகளின் தேர்வைச் சுருக்கமாகக் கூறலாம். வளைத்த தகடு விசை நீங்கியதும் சற்றே விரிவதால், செங்கோண வளைவுக்கும் 88 பாகை அல்லது அதனிலும் கூரிய கருவி கொள்ளப்படுகின்றது. கறையில் உருக்கு மேலும் கூடுதலாக விரியும். பெட்டி போன்ற வடிவங்களில் முன்னைய மடிப்பு பஞ்சிற் தட்டாதிருக்க வாத்தின் கழுத்துப்போல் வளைந்த பஞ்ச் பயன்படும். ஆனால் குடைந்த கழுத்து நேரான பஞ்சின் சுமையைத் தாங்காது.

இங்கு ஓர் அபாயத்தைக் கூறாது விடமுடியாது. கருவியின் தாங்குதிறன் மீற்றருக்கு இத்தனை தொன் எனவே கொள்ளப்படும். பொறியின் ஆற்றலோ அதன் முழு நீளத்துக்கும் உரியது. 100 தொன் பொறியின் முழு விசையை 20 சென்ரிமீற்றர்த் துண்டொன்றின்மீது செலுத்தினால், கருவி உணர்வது மீற்றருக்கு 500 தொன் ஆகும். கடினமாக்கிய உருக்கு அந்நிலையில் வளைவதில்லை, சிதறுகின்றது. ஆகவே விசை அட்டவணையைப் பொறியருகே, அதனை இயக்குபவர் வாசிக்கக்கூடிய மொழியில் தொங்கவிடவேண்டும். காரியாலய அலுமாரியில் அதற்கு வேலையில்லை.