தெலுங்கு அம்மோரு நம்ம ஊரு ஆத்தாவான கதை

போன எபிசோட்ல பழைய அம்மன் படங்களோட கிராஃபிக்ஸை நான் கொஞ்சம் ஓவராவே கிண்டல் பண்ணிட்டேன். அதை என் தங்கச்சி எங்க அமுச்சிக்குப் போட்டுக் காட்டிட்டா. அன்னைக்கு ராத்திரியே போன். “கண்ணு, நீ பொம்மையைத்தான் பார்த்திருக்கற, படத்தைப் பார்க்கல”ன்னு சொல்லி வெச்சிருச்சு. சரின்னு அடுத்த ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சி பக்கம் ஊருக்குப் போய், அமுச்சி கூடவே உட்கார்ந்து முழுசாப் பார்த்தேன். இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

படம் ‘அம்மன்’. உங்கள்ல பாதிப் பேர் இதைத் தமிழ்ப் படம்னே நினைச்சிருப்பீங்க. இல்லை. 1995 நவம்பர்ல வந்த ‘அம்மோரு’ங்கற தெலுங்குப் படத்தோட டப்பிங் இது. இயக்கம் கோடி ராமகிருஷ்ணா, தயாரிப்பு ஷ்யாம் பிரசாத் ரெட்டி. இதே ரெண்டு பேரும்தான் 2009ல ‘அருந்ததி’ எடுத்தாங்க. பவானியா சௌந்தர்யா, அம்மனா ரம்யா கிருஷ்ணன், கோரக்னு மந்திரவாதியா ராமி ரெட்டி.

முதல்ல டெக்னிக்கல் விஷயத்தை முடிச்சிடறேன், இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது. ‘டெர்மினேட்டர்’ பார்த்த தயாரிப்பாளர், அந்த மாதிரி கிராஃபிக்ஸை சாமி படத்துல கொண்டு வரணும்னு ஆசைப்பட்டிருக்கார். முதல்ல வேற இயக்குநர், வேற வில்லன்னு எடுத்த காட்சிகள் திருப்தியா வரலைன்னு தூக்கிப் போட்டுட்டு, கோடி ராமகிருஷ்ணாவை வெச்சு மறுபடி எடுத்தாங்க. வருஷக்கணக்குல இழுத்த வேலை. அதுல ஆச்சரியமே இல்லை. அந்தக் காலத்துல ஃபிலிம்ல எடுத்ததை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல ஒட்டி, திரும்ப ஃபிலிம்லயே பதிவு பண்ணணும். 2கே அளவுல ஸ்கேன் பண்ணினா ஒரு ஃப்ரேமே சுமார் 12 எம்பி. செகண்டுக்கு 24 ஃப்ரேம். அப்போ ஒரு செகண்ட் படத்துக்கே கிட்டத்தட்ட 300 எம்பி. 1995ல வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தாலே அது பெரிய விஷயம். இதெல்லாம் தெரிஞ்சுமா கிண்டல் பண்ணினேன்னு கேட்காதீங்க.

ஆனா அமுச்சி சொன்னது வேற. கூட உட்கார்ந்து பார்த்தப்பதான் புரிஞ்சுது. கிராஃபிக்ஸ் வர்ற நேரம் ரொம்பக் கம்மி. படத்துல முக்கால்வாசி ஒரு வீட்டுக்குள்ளயே நடக்குது. யாருமில்லாத ஏழைப் பொண்ணு. மந்திரவாதிக்கு எதிரா சாட்சி சொல்லி அவனை ஜெயிலுக்கு அனுப்பிடறா. அவளைக் கட்டிக்கிட்டவன் வெளிநாடு போயிடறான். அந்த மந்திரவாதியோட ஆளுங்க இருக்கற வீட்டுலயே அவ தனியா வாழணும். கொடுமை பண்றாங்க, கொல்லவே பார்க்கறாங்க. அப்போ அம்மன் எப்படி வர்றா? சூலத்தோட இல்லைங்க. வீட்டு வேலை செய்யற சின்னப் பொண்ணா வந்து, அடுப்படியிலயே நிக்கறா.

கட்டிக் கொடுத்த வீட்டுல கஷ்டம்னா, பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல இருந்து யாராவது வந்து நிக்கணும். பவானிக்குப் பொறந்த வீடே இல்லை. அந்த இடத்துல சாமி வந்து நிக்குது. பேய்ப்படம் மாதிரி ஆரம்பிச்சாலும், உள்ளுக்குள்ள இது நாத்தனார் மாமியார் கதைதான். இதைச் சொன்னப்ப அமுச்சி டிவியைப் பார்த்துக்கிட்டே, “அவளுக்கு ஆத்தா வந்தா. எனக்கு யாரு வந்தா?”ன்னு கேட்டுச்சு. பதினேழு வயசுல கல்யாணமாகி வந்த பொம்பளை. நான் ஒண்ணும் பேசலை. அதுவும் மேல எதுவும் சொல்லலை.

டப்பிங் படம் நம்ம பக்கம் இவ்வளவு ஒட்டினதுக்கு இன்னொரு காரணமும் இருக்குன்னு எனக்குத் தோணுது. தெலுங்குல ‘அம்மோரு’ன்னா ஊர் தெய்வம், அம்மை நோயும் அதே பேர்தான். நம்ம ஊர்லயும் அம்மை போட்டா “ஆத்தா வந்திருக்கா”ன்னுதானே சொல்றோம்? பெரியம்மை 1975ஓட இந்தியாவுல முடிஞ்சு போச்சு. ஆனா அந்த வேப்பிலையும் மஞ்சத்தண்ணியும் நோம்பியில அப்படியே இருக்கு.

கொங்கு நாட்டு மாரியம்மன் நோம்பியை கவனிச்சுப் பாருங்க. பூச்சாட்டு முடிஞ்சதும் கோயில் முன்னாடி கவை மாதிரி கிளை பிரியற ஒரு மரத்தை நடுவாங்க. அதான் கம்பம். அது வெறும் மரமில்லை, அம்மனோட புருஷன். பொம்பளைங்க தினமும் அதுக்குத் தண்ணி ஊத்துவாங்க, ராத்திரி அதைச் சுத்தி ஆட்டம் நடக்கும். கடைசியில கம்பத்தைப் பிடுங்கித் தண்ணியில விட்டுடுவாங்க. ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழாவுல கம்பங்களை ஊர்வலமா எடுத்துட்டுப் போய் காரைவாய்க்கால்ல விடறதைப் பார்க்கத் தெருவே திரளும். புருஷன் போனதும் சில ஊர்கள்ல அம்மனுக்கு வெள்ளைச் சீலை கட்டுவாங்க. அதாவது நம்ம ஊர்ல வருஷா வருஷம் சாமிக்கே கல்யாண வாழ்க்கை இருக்கு, அது முறிஞ்சும் போகுது. அப்படிப்பட்ட ஒருத்தி அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தா, நம்மாளுங்களுக்கு அது ஃபேன்டஸியாத் தெரியுமா? 2020ல வந்த ‘மூக்குத்தி அம்மன்’ல நயன்தாரா ஒரு குடும்பத்தோட வந்து சகஜமாப் பழகறதும் கிட்டத்தட்ட இதே வழிதான், தொனி மட்டும் காமெடி.

ஒரு குறையும் சொல்லியாகணும். பவானி அடி வாங்கற காட்சிகளைப் படம் தேவைக்கு மேல இழுக்குது. சாமி வரணும்னா பொண்ணு அவ்வளவு கண்ணீர் விட்டே ஆகணுமா? பொறுத்துக்கிட்டதாலதான் ஆத்தா வந்தான்னு ஒருத்தர் புரிஞ்சுக்கவும் வாய்ப்பிருக்கு. ஆனா அதே பவானிதான் ஆரம்பத்துல துணிஞ்சு சாட்சி சொன்னவ. அந்தத் துணிச்சல் பாதிப் படத்துக்கு எங்க போச்சுன்னு எனக்கு ஆத்திரம்.

கிளைமாக்ஸ்ல ராமி ரெட்டி கத்திக்கிட்டிருக்கான், நான் கிராஃபிக்ஸைப் பார்க்க நிமிர்ந்து உட்கார்றேன். அமுச்சி எந்திரிச்சுப் பாலை அடுப்புல வைக்கப் போயிருச்சு. “முடியட்டும் அமுச்சி”ன்னேன். “இனி அவ பார்த்துக்குவா, நீ காப்பி குடிப்பியா?”ன்னுச்சு.

அடுத்த எபிசோட்ல நம்ம கோயம்புத்தூர்க்காரர் சாண்டோ சின்னப்பா தேவர். 1974ல நம்ம சூலூர் பக்கத்துச் சிவகுமாரையும் ஜெயசித்ராவையும் வெச்சு அவர் தயாரிச்ச ‘வெள்ளிக்கிழமை விரதம்’ பார்த்துட்டு வாங்க. பாம்பு பத்தி நிறையப் பேச வேண்டியிருக்கு.