மிஸ்தி மலையும் வெள்ளைக் கல்லும்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பெரு நாட்டின் அரெக்கிபா நகரப் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான்: தலைக்கு மேல் எரிமலையை வைத்துக்கொண்டு பத்து லட்சம் பேர் எப்படிக் குடியிருக்கிறார்கள்?

மலையின் பெயர் மிஸ்தி. உயரம் 5,822 மீட்டர். நகர மையத்திலிருந்து அதன் வாய்க்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். உள்ளே இன்னமும் புகைகிறது. ஸ்பானியர்கள் 1540-ல் இங்கே ஊர் அமைத்ததற்குத் தண்ணீரும் ஒரு காரணம். வறண்ட பூமியில் சிலி என்ற ஆறு ஓடுகிறது. (சிலி நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இனி அந்த ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். கதீட்ரல், 1579-ல் தொடங்கிய சாந்தா கத்தலீனா கன்னிமடம், பழைய மாளிகைகள் எல்லாம் ‘சில்லார்’ என்ற வெளிர்கல்லில் எழுந்தவை. கிட்டப் போனால் கல் முழுக்கப் பொடித் துளைகள், நடுநடுவே நுரைக்கல் துணுக்குகள். கனம் குறைவு, உளியும் சுத்தியலும் இருந்தால் செதுக்கிவிடலாம். இது எரிமலைக்குழம்பு உறைந்த கல் இல்லை. பல நூறு டிகிரிச் சூட்டில் வாயுவும் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தரையோடு பாய்ந்து வந்து படிந்து இறுகியது. அதைக் கக்கியது மிஸ்தி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மிஸ்தி பிறப்பதற்கு வெகுகாலம் முந்தைய வெடிப்புகளின் மிச்சம் அது.

ஆனால் மிஸ்திக்கும் அந்த வித்தை தெரியும். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் பெரிதாக வெடித்தபோது இதே மாதிரிச் சூட்டு மேகம் ஓடைகள் வழியே இறங்கியிருக்கிறது. குழம்பு மெதுவாக நகரும், பெரும்பாலும் நடந்தே தப்பிக்கலாம். சூட்டு மேகத்திடம் அது நடக்காது.

ஊர்க்காரர்களுக்கு மிஸ்தி மேல் பெரிய பயம் இல்லாததிலும் நியாயம் இருக்கிறது. ஸ்பானியர் வந்த பிறகு அது பெரிதாக வெடித்ததே இல்லை. 1600-ல் நகரத்தின் மேல் சாம்பலைக் கொட்டியது வேறொரு மலை, வாய்னாபுத்தினா. 2001-ல் கதீட்ரல் கோபுரத்தைச் சாய்த்தது நிலநடுக்கம்.

என்னைக் கேட்டால், முதலில் கவலைப்பட வேண்டியது அந்த ஓடைகளைப் பற்றித்தான். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால் அவை ஓடை என்றே தோன்றாது. கனமழை வந்தால் மலைச்சரிவின் சாம்பலும் கற்களும் சேறாகக் கரைந்து அவ்வழியேதான் வரும். அதற்கு எரிமலை வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2013 பிப்ரவரியில் பெய்த ஒரே மழையில் நகரத் தெருக்கள் ஆறாயின. ஆற்றங்கரையில் தொடங்கிய ஊரோ இப்போது மலையை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. வேறு எங்கும் மனை வாங்க முடியாதவர்கள் ஓடையை ஒட்டிச் சுவர் எழுப்புகிறார்கள்.