ஆப்பிரிக்க நீர்நிலைகளும் 'ஏரி' என்னும் சொல்லும்

ஆப்பிரிக்காவின் பெருநீர்நிலைகள் தோற்றத்தால் வேறுபட்டவை. புவி மேலோடு பிளந்து தாழ்ந்த பள்ளத்தில் அமைந்த தாங்கனிக்கா ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழமுடையது. இரு பிளவுகளுக்கிடையே நிலம் அமிழ்ந்ததால் உண்டான விக்டோரியாவின் ஆழம் ஏறத்தாழ 80 மீட்டரே. கரிபாவோ, சாம்பசி ஆற்றின் குறுக்கே 1959-இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையால் விளைந்தது. அதன்பொருட்டுத் தோங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் வெளியேற்றப்பட்டனர்.

ஆங்கிலம் மூன்றையும் ஒரே சொல்லாற் சுட்டுவதால் மொழிபெயர்ப்பிலும் 'ஏரி' என்பதே அமைந்துவிடுகிறது. தமிழகத்தில் அச்சொல் பெரும்பாலும் கரையிட்டு மழைநீரைத் தேக்கிய பாசன நீர்நிலையைக் குறிப்பது. ஆகவே, தோற்றம் பேசப்படும் இடங்களில் தாங்கனிக்காவைப் 'பிளவு ஏரி' என அடைகொடுத்தும், கரிபாவை 'நீர்த்தேக்கம்' எனப் பிரித்தும் வழங்குதல் வேண்டும். இன்றேல், அணையும் அதனால் ஊரிழந்தோரும் சொல்லுக்குள் மறைந்துபோவர்.