டேங்கருக்குள் என்ன இருந்தது?

கவிழ்ந்த வண்டியிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. ஒருவன் ஓடிவந்து கையில் கிடைத்ததை அடியில் வைத்துப் பிடிக்கிறான். தரையில் சிந்தியதையும் விடாமல் துணியால் ஒற்றி எடுக்கிறான். 'மேட் மேக்ஸ் 2' படத்தில் உலகம் எப்படி நாசமானது என்று சொல்ல, தொடக்கத்தில் பழைய செய்திப்படத் துண்டுகளுடன் ஒரு முன்னுரை வரும். என்னைக் கேட்டால் அது வேண்டியதே இல்லை, அந்தத் துணி ஒன்றே போதும்.

1981இல் ஜார்ஜ் மில்லர் இயக்கிய ஆஸ்திரேலியப் படம் இது. முதல் பாகம் 1979இல் வந்தது. அமெரிக்காவில் அதை அதிகம் பேர் பார்த்திருக்கவில்லை என்பதால், இரண்டாம் பாகத்தை அங்கே எண்ணைத் தூக்கிவிட்டு 'தி ரோட் வாரியர்' என்று வெளியிட்டார்கள். அதில் தப்பில்லை. மேக்ஸ் ஒரு முன்னாள் போலீஸ்காரன், மோட்டார் சைக்கிள் கும்பலிடம் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தவன் என்பது தெரிந்தால் போதும். முதல் பாகத்தில் முழங்காலில் குண்டு பட்டது. இதில் அந்தக் காலில் இரும்புப் பட்டை மாட்டியிருக்கிறான். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நான் இதை முதலில் பார்த்தது, டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்கப் படம் பார்த்த காலத்தில். எங்கள் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் இந்தப் படத்துக்கு அதுவே தாராளம். மேக்ஸாக வரும் மெல் கிப்சனுக்கு மொத்த வசனமும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மில்லருக்கு பஸ்டர் கீட்டன் காலத்து மௌனப் படங்கள் மேல் தீராத மோகம். பெட்ரோலையும் தோட்டாவையும் போலவே பேச்சையும் இந்தப் படத்தில் சிக்கனமாகத்தான் செலவழிக்கிறார்கள். மேக்ஸ் நீட்டி மிரட்டுகிற துப்பாக்கியில் தோட்டாவே இல்லை என்பது, மிரட்டப்பட்டவனுக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. நாய்க்கான டப்பா உணவை மேக்ஸ் ஸ்பூனால் சாப்பிட, அந்த ஆள் அதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பான்.

மில்லர் டாக்டருக்குப் படித்தவர், மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர். விபத்து என்றால் என்ன என்று அறிந்தவர் எடுத்த படம் என்பது ஒவ்வொரு மோதலிலும் தெரியும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புரோக்கன் ஹில்லை ஒட்டிய வெட்டவெளியில் நிஜ வண்டிகளை நிஜமாகவே மோதவிட்டார்கள். ஒரு காட்சியில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்படும் ஆள் அந்தரத்தில் தாறுமாறாகச் சுழல்வான். அவர் ஸ்டன்ட் கலைஞர் கை நோரிஸ். அப்படிச் சுழல்வது திட்டத்தில் இல்லை. கால் இடித்து எலும்பு முறிந்தது. அந்த ஷாட் அப்படியே படத்தில் இருக்கிறது. கடைசியில் டேங்கர் லாரியைக் கவிழ்த்த டிரைவரிடம், ஆபரேஷன் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்களாம். இதையெல்லாம் வீரம் என்று மெச்ச எனக்கு மனம் வரவில்லை.

படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பாலைவனத்தில் எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும் சிறு கூட்டத்தை ஹ்யூமங்கஸ் என்பவனின் கும்பல் முற்றுகையிட்டிருக்கிறது. பெட்ரோலோடு தப்பிக்க வேண்டும். மேக்ஸ் டேங்கரை ஓட்ட, கும்பல் மொத்தமும் அவன் பின்னால் பாய்கிறது. லாரி கவிழ்ந்ததும் உள்ளேயிருந்து கொட்டுவது மணல்! பெட்ரோல் வேறு வண்டிகளில், டிரம்களில், பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேக்ஸுக்கே இது தெரியாது. முதல் தடவை இது நமக்கு வெறும் திருப்பம். அண்மையில் மறுபடி பார்த்தபோது என் கண் அந்தக் கூட்டத்தின் தலைவன் பாப்பகாலோ மேல்தான் இருந்தது. டேங்கரில் மணல் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. பெட்ரோலோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். போகாமல், ஏமாற்றி அனுப்பிய ஆளுக்குத் துணையாகத் தனி வண்டியில் டேங்கர் பக்கத்திலேயே வருகிறான். ஈட்டி பாய்ந்து சாகிறான். படம் இதற்காக ஒரு நொடிகூட நிற்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. சண்டை போடுகிற ஒரே பெண்ணுக்குப் பேர்கூட வைக்கவில்லை, டேங்கர் மேலேயே கொன்றும்விடுகிறார்கள். அந்தக் கடனை மில்லர் 2015இல் 'ஃப்யூரி ரோட்' படத்தில் ஃப்யூரியோசாவை நாயகியாக்கி வட்டியும் முதலுமாகத் தீர்த்தார். அதற்கும் புரோக்கன் ஹில்லைத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். மழை பெய்து பாலைவனம் பூத்துக் குலுங்கியதால் நமீபியாவுக்குப் போனார்கள். சண்டைக் காட்சிகளை வடிவமைத்தவர், அன்று கால் ஒடிந்த அதே கை நோரிஸ். அந்தப் படம் 6 ஆஸ்கர் வாங்கியது.

'ஃப்யூரி ரோட்' மட்டும் பார்த்தவர்கள் இதையும் பார்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். முதல் பாகத்தைத் தேடி அலைய வேண்டாம். செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள்.