கோவிட் இரண்டாம் முறையும் வருமா?

"எனக்கு ஒரு தடவை வந்து போய்விட்டது. இனி வராது." கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் இப்படித் துணிவோடு சொல்பவர்கள் உண்டு. "இரண்டாம் தடவை வந்தால் ஆள் தேறமாட்டார்" என்று அஞ்சுபவர்களும் உண்டு. எது உண்மை?

முதல் பேச்சு தட்டம்மைக்குப் பொருந்தும். ஒரு முறை கண்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் திரும்புவதில்லை. இரண்டாம் பேச்சு டிங்கிக்குப் பொருந்தும். டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை கண்டவரை வேறொரு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். கோவிட் இவ்விரண்டிலும் சேராது.

கோவிட் திரும்ப வரும் என்பது 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் உறுதியானது. குணமடைந்த ஒருவருக்கு 142 நாள் கழித்து மரபணு வேறுபட்ட கிருமி தொற்றியிருந்தது. ஆனாலும் அந்த ஆண்டில் இது அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1,300 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 58 பேர் மட்டுமே மறுதொற்றுக்கான வரையறைக்குள் வந்தனர். குணமான பிறகும் கிருமியின் சிதைவுகள் சில வாரங்கள் உடலில் தங்கிப் பரிசோதனையில் தெரியக்கூடும். அதனால் இரு பரிசோதனைகளுக்கும் இடையே குறைந்தது 102 நாள் இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு கணக்கு வைத்தது.

2021 இறுதியில் ஒமிக்ரான் வந்ததும் நிலைமை மாறியது. கத்தார் நாட்டு ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. முன்பு தொற்று காணாத 100 பேருக்கு நோய் வரும் சூழலில், டெல்டா வகையானால் தொற்று கண்டவர்களில் சுமார் 8 பேருக்கே மீண்டும் வரும். ஒமிக்ரானானால் 44 பேருக்கு வரும். மலேசியாவில் 2022 மார்ச் 5-ஆம் தேதி ஒரே நாளில் 33,406 பேருக்குத் தொற்று பதிவானது.

காரணம் இரண்டு. இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. கிருமியும் தன் மேல்தோற்றத்தை மாற்றிக்கொள்கிறது. ஆயினும் உடலின் நினைவாற்றல் முற்றாக அழிவதில்லை. ஆகவேதான் மறுதொற்று பெரும்பாலோருக்குச் சாதாரணச் சளி காய்ச்சலோடு போய்விடுகிறது.

பெரும்பாலோருக்கு என்றால் எல்லோருக்கும் அல்ல. முதியவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயதுவந்த 100 பேரில் 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் தோட்டங்களில் கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால், "போன தடவை வந்ததுதானே, தாங்கிக்கொள்ளலாம்" என்று காய்ச்சலோடு செம்பனை வெட்டப் போகிறவர் உண்டு. அவர் தாங்கிக்கொள்வார். அதே லயத்து வீட்டில் படுத்திருக்கும் பாட்டியால் தாங்க முடியுமா?

காய்ச்சல் கண்டால் சுயப் பரிசோதனை செய்யுங்கள், முகக் கவரி அணியுங்கள், பெரியவர்களிடமிருந்து விலகிப் படுங்கள். பெரியவர்களுக்கே காய்ச்சல் என்றால் தள்ளிப்போடாமல் அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். கோவிட் கிருமியை அடக்கும் மாத்திரையை முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன். ஊக்கத் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்டறியலாம்.

முன்பு வந்துபோன நோய் நமக்கு ஓரளவு கேடயம். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அது கேடயமாகாது.