திரைக்கும் எழுத்துக்கும் ஒரு பாகப்பிரிவினை

பி.பி.சி. மைக்ரோ கணினியின் ‘மாடல் பி’க்கு இருந்த மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். கேம்பிரிட்ஜின் ஏகோர்ன் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த அந்தக் கணினியில்தான் பிரிட்டனின் பல பள்ளிகள் பாடக்குறிப்பும் வினாத்தாளும் பெற்றோருக்கான கடிதமும் அடித்தன. லண்டனில் ஒரு பள்ளியின் கணினி அறையைப் பராமரிப்பது அப்போது என் வேலை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் காலத்துக் கணினிகள் சிலவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் நீளமாக எதையாவது எழுத வேண்டுமென்றால் இன்றும் பி.பி.சி. மைக்ரோவின் முன்னால்தான் உட்காருவேன்.

“இவ்வளவு சின்ன நினைவகத்தில் எப்படி எழுத முடிந்தது?” என்று வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு பாகப்பிரிவினைக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். சொத்து ஒன்றுதான், நினைவகம். பங்கு கேட்டு நிற்பவர்கள் மூவர்: திரை, மென்பொருள், நீங்கள் அடிக்கும் எழுத்து. முதல் இருவரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதே எழுத்துக்கு.

திரைக்கு ஆசை அதிகம். வரிக்கு 80 எழுத்துக் காட்டும் 3ஆம் திரைமுறைக்கு 16 கிலோபைட் வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக நினைவகத்தில் வரைந்து வைப்பதால் வரும் செலவு அது. பாதிச் சொத்து அங்கேயே போய்விடும். 7ஆம் திரைமுறையில் அந்தச் செலவு இல்லை. அது தொலைக்காட்சி டெலிடெக்ஸ்டுக்கென்று உருவான ஒரு சில்லைக் கொண்டு இயங்கியது. எழுத்துகளின் வடிவங்கள் அந்தச் சில்லுக்குள்ளேயே இருந்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதற்கு ஓர் எண் போதும். வரிக்கு 40 எழுத்து, 25 வரி, ஆக 1000 பைட். ஒரே கிலோபைட்டில் திரையின் பங்கு தீர்ந்தது.

கம்ப்யூட்டர் கான்செப்ட்ஸ் நிறுவனத்தின் ‘வேர்ட்வைஸ்’ என்ற எழுதும் மென்பொருள் இந்த 7ஆம் திரைமுறையில்தான் எழுத வைத்தது. மென்பொருளின் பங்கையும் அது சுருக்கிவிட்டது. வட்டில் வராமல் ஒரு ரோம் சில்லாகவே வந்தது. கணினியின் மூடியைக் கழற்றி, காலியாக இருக்கும் சாக்கெட்டில் சில்லின் கால்கள் வளையாமல் பார்த்து அழுத்திப் பொருத்த வேண்டும். ரோமுக்குத் தனி இடம் உண்டு என்பதால் அந்த 32 கிலோபைட்டில் மென்பொருள் கைவைத்தது மிகக் குறைவு. நட்சத்திரக் குறி போட்டு வேர்ட்வைஸ் என்று அடித்து ரிட்டர்ன் விசையைத் தட்டினால் உடனே பட்டியல் வந்து நிற்கும். எழுதுவதற்கு 20 கிலோபைட்டுக்கு மேல் மிஞ்சும். ஆங்கிலத்தில் 3000 சொற்களுக்கு அது தாராளம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தின் உருவம் கண்ணில் படாது. ஓரம், வரி இடைவெளி, நடுவில் வரவேண்டிய தலைப்பு எல்லாம் கட்டளைகளாக எழுத்தோடு எழுத்தாகக் கிடக்கும். விசைப்பலகையின் மேல்வரிசையில் செந்நிற விசைகள் இருக்கின்றன. எஃப்1ஐ அழுத்தினால் அடுத்து அடிப்பது பச்சையாகத் தெரியும். அது அச்சுக்கான கட்டளை. எஃப்2ஐ அழுத்தினால் வெள்ளைக்குத் திரும்பும். அது வாசிப்பவருக்கான எழுத்து. பச்சையில் ‘எல்.எம்.8’ என்று அடித்தால் அச்சில் இடது ஓரம் எட்டு எழுத்து உள்ளே தள்ளும். திரையின் உச்சியில் இதுவரை எத்தனை சொல், இன்னும் எவ்வளவு இடம் என்ற எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கம் எப்படி அமையும் என்று பார்க்க வேண்டுமானால் பட்டியலுக்குப் போய் முன்னோட்டத்தைக் கேட்க வேண்டும்.

இந்தப் பிரிவினைதான் என்னை இந்தக் கணினியோடு கட்டிப்போட்டது. இதில் எழுத்துரு மாற்றிப் பார்க்க முடியாது. தலைப்பைக் கொஞ்சம் நகர்த்தி அழகு பார்க்கவும் முடியாது. வாக்கியம் நொண்டினால் அது ஒன்றுதான் கண்ணை உறுத்தும். அதைத் திருத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. நினைவகம் போதாமல் செய்த ஏற்பாடு, எழுதுவதையும் பக்கம் அமைப்பதையும் இரு வேலைகளாகப் பிரித்துக் கொடுத்தது. நினைவகம் கொட்டிக்கிடக்கும் இக்காலத்திலும் இந்தப் பிரிவு எழுதுகிறவருக்கு நல்லது என்பது என் அனுபவம்.

இன்னொரு நன்மையும் உண்டு. வட்டில் சேமிக்கப்படுவது பெரும்பாலும் எழுத்து மட்டுமே. இன்றைய வேர்டில் ஒரு சொல்லும் எழுதாமல் சேமித்த வெற்றுக் கோப்பே பத்து கிலோபைட் அளவுக்கு வரும். அந்நாளில் ஒரு நாவல் முழுவதும் ஒரே வட்டில் பயணம் செய்தது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளியான ‘2010: ஒடிஸி டூ’ நாவலை ‘வேர்ட்ஸ்டார்’ மென்பொருளில் எழுதி, ஒற்றை ஐந்தங்குல வட்டில் நியூயார்க்குக்கு அனுப்பினார்.

மற்ற வீட்டுக் கணினிகளும் இதே பாகப்பிரிவினையைத் தத்தம் வழியில் செய்துகொண்டன. ஸ்பெக்ட்ரம் கணினியின் திரையில் வரிக்கு 32 எழுத்துதான் இயல்பு. அதற்கான ‘டாஸ்வேர்ட் டூ’ மென்பொருள் எழுத்தின் அகலத்தை நான்கு புள்ளியாக ஒடுக்கி 64ஐ அடைத்தது. 1982இல் வந்த கொமடோர் 64க்கு 64 கிலோபைட் இருந்தது. அதற்கான ‘ஸ்பீட்ஸ்கிரிப்ட்’ மென்பொருளைச் சார்ல்ஸ் பிரானன் இயந்திர மொழியில் எழுதினார். அதன் அளவு சுமார் 5 கிலோபைட். 1984 ஜனவரியில் ‘கம்ப்யூட்ஸ் கெசட்’ என்ற அமெரிக்க இதழ் அதை எண்களாக அச்சிட்டு வெளியிட்டது. இதழை வாங்கியவர்கள் அந்த எண்களைத் தாங்களே தட்டிச் சேமித்தார்கள். வரிதோறும் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். தட்டியது தவறென்றால் துணை நிரல் அந்த வரியிலேயே நிறுத்திவிடும். எங்கள் வீட்டில் மனைவி எண்களைப் படிக்க நான் தட்டினேன். பல மாலைகள் அதில் போயின. கடைசி வரியும் சரியென்று வந்து, மின்குமிழி போல நீலத் திரையில் மினுக்கிய அந்தச் சுட்டியைப் பார்த்தபோது, இந்த மென்பொருளின் ஒவ்வொரு பைட்டும் எங்கள் கைவழியே போனது என்ற பெருமை இருவருக்கும் இருந்தது.

1985 செப்டம்பரில் ஆலன் சுகரின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் பி.சி.டபிள்யூ. 8256ஐக் கொண்டுவந்தபோது நெருக்கடி தளர்ந்தது. இப்போது 256 கிலோபைட்; பச்சைத் திரைக்கு 23 கிலோபைட்டை அள்ளிக் கொடுக்க முடிந்தது. வரிக்கு 90 எழுத்து, 32 வரி. திரை, விசைப்பலகை, வட்டு இயக்கி, அச்சுப்பொறி, ‘லோகோஸ்கிரிப்ட்’ மென்பொருள் அனைத்தும் சேர்த்து 399 பவுண்டு, வரி தனி. வெட்டவும் நகலெடுக்கவும் ஒட்டவும் தனித்தனி விசைகள் இருந்தன. அழித்த கோப்பு உடனே தொலைந்துபோகாது; ‘லிம்போ’ என்ற இடத்தில், வட்டில் இடம் தேவைப்படும்வரை காத்திருக்கும். கணினி என்றால் ஒதுங்கி நின்றவர்கள்கூடத் தட்டச்சுப்பொறியை விட்டு இதற்கு மாறினார்கள்.

தமிழுக்கு அன்று இந்தச் சொத்தில் பங்கு கிடைக்கவில்லை. பி.பி.சி. மைக்ரோவில் நமக்கு வேண்டிய வடிவத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் வரைந்துகொள்ளலாம். அப்படி இயல்பாகக் கிடைத்தவை 32 இடங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18 என்று வைத்தாலே 31 நிரம்பிவிடும். கால், கொம்பு, கொக்கி, புள்ளி எதற்கும் இடமில்லை. உகர, ஊகார வரிசைகள் 36க்கும் வழியில்லை. எட்டுப் புள்ளி அகலத்தில் ‘ண’வின் சுழிகளைப் பிரித்துக் காட்டுவதும் கடினம். செலவு குறைந்த 7ஆம் திரைமுறையில் வடிவங்கள் சில்லுக்குள் நிலைத்தவை என்பதால் அங்கே அதையும் செய்ய முடியாது. அதனால்தான் பிரிட்டனில் வாழ்ந்த தமிழர் பலர் இந்தக் கணினிகளில் ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

அந்த எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. அண்மையில் ஒரு தங்கை, பிஸ்கட் டின் நிறைய மூன்றங்குல வட்டுகளோடு வந்தார். “அண்ணை, இதுக்குள்ள அப்பாவின்ர கடிதங்கள் கிடக்கு. எடுக்கேலுமோ?” என்று கேட்டார். வந்த புதிதில் குடியேற்றத்துக்காகவும் வீட்டுக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் அவர் தந்தை பி.சி.டபிள்யூவில் அடித்த விண்ணப்பங்கள் அவை. அந்தக் கணினியின் வட்டு இயக்கியை ஒரு ரப்பர் பட்டைதான் சுழற்றும். ஆண்டுகள் போகப் போக அது தளர்ந்து பிசுபிசுத்துவிடும். முதலில் அதை மாற்றினேன். லோகோஸ்கிரிப்ட் கோப்புகளில் வடிவமைப்புக் குறிகளும் கலந்திருக்கும். வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. மாற்றியவற்றைப் பின்பக்கம் செருகும் இணைப்புப் பெட்டி வழியாகப் புதிய கணினிக்கு அனுப்பினேன்.

வேர்ட்வைஸில் எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் பி.பி.சி. மைக்ரோவைப் போலவே இயங்கும் பீப்எம் என்ற இலவச மென்பொருளைத் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். கொமடோருக்கு ‘வைஸ்’ என்ற அதுபோன்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பரணில் பழைய வட்டுகள் கிடக்கிறவர்களுக்கு வேறொரு வேலை முதலில் இருக்கிறது. காந்தப் பூச்சு என்றைக்கும் நிலைக்காது. ஈரமும் தூசியும் படாமல் வட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்தக் கணினியுடையவை என்று மேலே எழுதுங்கள். இந்தக் கணினிகளை இயக்கத் தெரிந்த ஒருவரிடம் இவ்வாண்டே கொண்டுபோய்க் கொடுங்கள். வட்டு படிக்கும் நிலையில் இருந்தால் போதும், சொற்களைக் காப்பாற்றிவிடலாம்.