கடைத்தெருவின் கதை – 9: நான்கு தடம் இரண்டான தெரு

புதிதாகக் கடை போட இடம் பார்க்கிறவர் வாடகையை அப்புறம்தான் கேட்பார். முதலில் அந்தத் தெருவில் காலையில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை நின்று ஆள் நடமாட்டத்தைப் பார்ப்பார். பக்கத்துக் கடையில் டீ குடித்தபடி, “வியாபாரம் எப்படிண்ணே போகுது?” என்று பேச்சுக் கொடுப்பார். நடந்து போகிறவர் எத்தனை பேர், நின்று பார்க்கிறவர் எத்தனை பேர், கையில் பையோடு திரும்புகிறவர் எத்தனை பேர் என்று மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு தேறவில்லை என்றால், அட்வான்ஸே வேண்டாம் என்று சொன்னாலும் அவர் ஷட்டரைத் தூக்க மாட்டார்.

கடைத்தெரு காலியாகிவிட்ட ஊர்களின் நிர்வாகங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வரிச்சலுகை அறிவிக்கிறார்கள், விளம்பரம் செய்கிறார்கள், பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஆளை வரவழைக்கும் வேலையை மட்டும், புதிதாக வரப்போகிற கடைக்காரர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்த வேலையை ஊரே எடுத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி, அமெரிக்காவின் சவுத் கரோலினா மாநிலத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் கிரீன்வில். 2020 கணக்கெடுப்பில் அதன் நகர எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 70,720 பேர். சின்ன ஊர்தான்.

ரீடி என்ற சிற்றாற்றின் அருவியை ஒட்டிப் பிறந்த ஊர் அது. பிறகு பஞ்சாலைகள் வந்தன. ‘உலகின் ஜவுளித் தலைநகரம்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. ஆலைகளின் சாயக்கழிவு ஆற்றில் கலந்து, அன்றன்று ஓடும் சாயத்துக்கேற்பத் தண்ணீரின் நிறம் மாறியதால், ‘வானவில் ரீடி’ என்று ஊர்க்காரர்களே பெயர் வைத்தார்கள். ஆலைத் தொழிலாளியும் முதலாளியும் துணிமணி எடுக்க, சினிமா பார்க்க வந்த இடம் மெயின் ஸ்ட்ரீட். 1925ல் கட்டிய பன்னிரண்டு மாடி பாயின்செட் ஹோட்டல் அதன் நடுவில் நின்றது.

அந்த மெயின் ஸ்ட்ரீட்டைப் பொற்காலம் போல நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1960 ஆகஸ்ட் 9ஆம் தேதி, பத்து கறுப்பின இளைஞர்கள் அங்கிருந்த எஸ்.எச். கிரெஸ் கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்ததற்காகக் கைதானார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சாப்பிடும் இடங்களுக்கு நடுவே குறைந்தது 35 அடி இடைவெளி வேண்டும், தட்டும் கரண்டியும்கூடத் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று நகரசபை விதியே போட்டிருந்தது. 1963 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. எந்தக் கடைத்தெருவை மீட்கப் போனாலும், அங்கே யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இந்தக் கதையின் கடைசியில் இந்தக் கேள்வி மறுபடி வரும்.

1960களில் குடும்பங்கள் புறநகருக்கு நகர்ந்தன. கடைகளும் பின்னாலேயே போயின. 1968ல் மெக்காலிஸ்டர் ஸ்கொயர் என்ற குளிரூட்டப்பட்ட வணிக வளாகம் ஊருக்கு வெளிப்புறமாகத் திறந்தது. ஐவிஸ், மையர்ஸ் ஆர்னால்டு என்று ஊரின் பெரிய கடைகளே அங்கே கிளை பரப்பின. காரை நிறுத்த இலவச இடம், வெயில் மழை தொந்தரவு இல்லை, எல்லாம் ஒரே கூரையின் கீழ். மெயின் ஸ்ட்ரீட்டில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. 1970களில் பாயின்செட் ஹோட்டலும் மூடப்பட்டது.

அந்த நேரத்தில் மேயராக இருந்தவர் மாக்ஸ் ஹெல்லர். அவர் அந்த ஊருக்கு வந்த கதை தனி. 1937ல் வியன்னாவில் பதினெட்டு வயது இளைஞராக இருந்தபோது, ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த மேரி மில்ஸ் என்ற கிரீன்வில் பெண்ணை ஒரு நடன நிகழ்ச்சியில் சந்தித்தார். விலாசம் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். யூதரான ஹெல்லர் அந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதினார். மேரி உள்ளூர் சட்டைத் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர் ஷெப்பர்ட் சால்ட்ஸ்மனிடம் போய்ப் பேச, அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். அதே தொழிற்சாலையில் தரை பெருக்கித்தான் ஹெல்லர் அமெரிக்க வாழ்க்கையைத் தொடங்கினார். பிறகு சொந்தமாகச் சட்டைத் தொழில் நடத்தினார், விற்றார், நகரசபை உறுப்பினரானார். 1971ல் மேயர்.

வியன்னாவில் வளர்ந்தவருக்குத் தெரு என்றால் மனிதர்கள் நடக்கிற, நிற்கிற, உட்கார்ந்து பேசுகிற இடம். மெயின் ஸ்ட்ரீட்டோ நான்கு தடங்களில் கார்கள் விரைந்து கடக்கும் சாலையாக ஆகியிருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரினை அழைத்துத் திட்டம் கேட்டார்கள். நான்கு தடத்தை இரண்டாகக் குறைப்பது, மிச்ச இடத்தில் நடைபாதையை அகலமாக்குவது, மரம் வைப்பது, கார்களைச் சாய்வாக நிறுத்த இடம் விடுவது, ஆங்காங்கே சின்னச் சின்ன முற்றங்கள் அமைப்பது என்று திட்டம் வந்தது. 1970களின் பிற்பாதியில் வேலை நடந்தது. வியாபாரம் படுத்துக் கிடக்கிற தெருவில் வண்டி போகும் வழியையும் குறைப்பதா என்று எதிர்ப்பு பலமாகவே இருந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான். கல்லாவில் காசு விழாதவருக்கு எந்த மாற்றமும் ஆபத்தாகவே தெரியும்.

போன வாரம் கலமாசூ நகரைப் பார்த்தோம். 1959ல் கார்களை அடியோடு விலக்கி, தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கி, 1998ல் மறுபடி கார்களை உள்ளே விட்ட ஊர். ஹெல்லர் அப்படிச் செய்யவில்லை. காரை விரட்டாமல் மெதுவாக்கினார். கார் மெதுவாகப் போனால் ஓட்டுகிறவர் கண்ணில் கடை படும். வாசலிலேயே நிறுத்த இடம் கிடைக்கும். இரண்டே தடம் என்பதால் தெருவைக் கடப்பது எளிது. இந்தப் பக்கம் சட்டை எடுத்தவர் எதிர்ப்பக்கச் செருப்புக் கடையைப் பார்த்ததும் குறுக்கே நடந்துவிடுகிறார். நான்கு தடத் தெருவின் இரு பக்கமும் இரண்டு தனித் தெருக்கள் மாதிரி. ஒன்றின் வாடிக்கையாளர் மற்றதற்குக் கிடைக்க மாட்டார். இந்த ஒரு மாற்றத்தால் ஒவ்வொரு கடைக்கும் எதிர்ச்சாரி ஆட்களும் கிடைத்தார்கள்.

ஆனால் அழகான நடைபாதை மட்டும் ஆளைக் கொண்டுவராது. தெருவின் வட கோடியில் பெரிய ஹோட்டல் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தனியார் மட்டும் பணம் போட்டு அப்படிப்பட்ட தெருவுக்கு வரத் துணிய மாட்டார்கள். ஆகவே நகரசபை, மத்திய அரசின் மானியத்தையும் பெற்று, மாநாட்டுக் கூடத்தையும் கார் நிறுத்தும் கட்டடத்தையும் தன் செலவில் ஏற்றது. ஹோட்டலின் உள்முற்றம்கூட நகரத்தின் பொதுப் பூங்காவாகவே கணக்கு வைக்கப்பட்டது. 1982ல் ஹயாத் ரீஜென்சி திறந்தது. அதற்குள் ஹெல்லர் பதவியில் இல்லை. 1979ல் மேயர் நாற்காலியிலிருந்து இறங்கி, மாநிலத் தொழில் வளர்ச்சி வாரியத்தின் தலைவராகிவிட்டார். நட்டவர் ஒருவர், நிழலில் உட்கார்ந்தவர் வேறொருவர்.

வட கோடி ஆயிற்று. 1990ல் தெற்கே, ஆற்றங்கரையில், பீஸ் சென்டர் என்ற கலையரங்கம் வந்தது. செய்தித்தாள் நடத்திய உள்ளூர்க் குடும்பம் ஒன்று பெருந்தொகை கொடுத்தது. 1882ல் கட்டிய பழைய பஞ்சாலைக் கட்டடத்தை இடிக்காமல் வளாகத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். இந்த இரண்டு இடங்களும் முக்கியமானது எதனால் என்றால், ஹோட்டலில் தங்கியவர் மாலையில் அரங்கம் போக வேண்டும், அரங்கம் விட்டு வருகிறவர் சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நடக்கிறவர்களைப் பார்த்துத்தான் உணவகங்கள் வந்தன. உணவகம் வந்தால் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு மற்றக் கடைகள் தாமாக வரும். 2000ல் பாயின்செட் ஹோட்டலும் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது.

அதே 2000ல் நடந்த ஒரு சின்னக் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளி மாணவர் ஒருவர் தன் படிப்புத் திட்டமாக ஒரு யோசனை சொன்னார். குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் ஒளிந்திருக்கும் எலியைப் போல, மெயின் ஸ்ட்ரீட்டில் ஒன்பது வெண்கல எலிகளை ஒளித்து வைக்கலாம் என்றார். வைத்தார்கள். ஹயாத் தொடங்கி பாயின்செட் வரை, ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்று சுவர் விளிம்பில், இன்னொன்று தரையோரம் என்று கண்ணில் சட்டென்று படாத இடங்களில். குறிப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் தேடுகிறார்கள். பெற்றோர் பின்னாலேயே, கடை கடையாக, மெதுவாக நடக்கிறார்கள். எலியைத் தேடிக் குனிந்த பிள்ளை நிமிரும்போது எதிரே ஐஸ்கிரீம் கடை. செலவு மிகக் குறைவு. கடைக்காரர்களை ஈர்க்கும் எத்தனையோ அறிக்கைகள் செய்ய முடியாததை இந்த ஒன்பது எலிகள் செய்தன.

1995ல் மேயரான நாக்ஸ் ஒயிட் கை வைத்தது இன்னும் கடினமான இடத்தில். ஊர் பிறந்த அருவியின் மேலேயே 1960ல் நான்கு தட கேம்பர்டவுன் பாலம் கட்டியிருந்தார்கள். பாலத்தின் கீழே அருவி இருப்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. 1967லிருந்து ஒரு தோட்டச் சங்கத்துப் பெண்கள் கரையைக் குப்பை அள்ளிச் சுத்தம் செய்து வந்தார்கள். அவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் அங்கே காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. நல்ல நிலையில் உள்ள பாலத்தை அருவி தெரிவதற்காக இடிப்பதா என்று ஊரே இரண்டுபட்டது. 2002ல் இடித்தார்கள். 2004ல் அந்த இடத்தில், ஒரே பக்கத்துக் கேபிளில் தொங்கும், வளைந்த, நடப்பவர்களுக்கு மட்டுமான லிபர்ட்டி பாலம் திறந்தது. வடிவமைத்தவர் மிகேல் ரொசாலஸ். சுற்றிலும் பூங்கா. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த கட்டடங்கள் இப்போது ஆற்றைப் பார்த்து வாசல் வைத்தன. கிடங்குகளாகக் கிடந்த தென்கரைப் பகுதியில் 2006ல் பேஸ்பால் மைதானம் வந்தது. தெரு இன்னும் நீண்டது.

இடையில் மெக்காலிஸ்டர் ஸ்கொயர் என்ன ஆயிற்று? மெயின் ஸ்ட்ரீட்டைக் காலி செய்த அந்த வளாகத்தைப் புதிதாக வந்த இன்னும் பெரிய வளாகங்கள் காலி செய்தன. பிறகு அங்கே தொழில்நுட்பக் கல்லூரி வகுப்புகள் நடந்தன.

ஹெல்லர் தொடங்கியதிலிருந்து லிபர்ட்டி பாலம் வரை கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கட்சி மாறியது, மேயர்கள் மாறினார்கள், திசை மாறவில்லை. ஐந்தாண்டில் பலன் காட்டு என்று கேட்டிருந்தால் 1980களின் நடுவில் இந்தத் திட்டம் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார்கள். தெற்குப் பாதி அப்போதும் வெறிச்சோடித்தான் கிடந்தது.

இனி, முன்பு சொன்ன கேள்வி. தெரு செழித்ததும் நிலத்தின் விலை ஏறியது. சுற்றியிருந்த கறுப்பினக் குடியிருப்புகளில் வாடகை ஏறியது. 1990ல் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்த கறுப்பினத்தவர், 2020ல் கால் பங்குக்கும் கீழே போனார்கள். அன்று சாப்பாட்டு மேடையில் உட்காரவிடாமல் விதி தடுத்தது. இன்று விதி இல்லை. ஆனால் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருக்க வாடகை கட்டுப்படி ஆகவில்லை. மெயின் ஸ்ட்ரீட்டும் வாஷிங்டன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில், அந்தக் காலத்தில் போராடிய ஸ்டெர்லிங் பள்ளி மாணவர்களின் நினைவாக வெண்கலச் சிலை இருக்கிறது. சிலை வைத்தது சரி. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதே ஊரில் வீடு கிடைக்க வேண்டும் அல்லவா?

2022ல் திறந்த யூனிட்டி பார்க்கில் இதற்கு ஒரு முயற்சி தெரிகிறது. நிறப்பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு அதிலும் பாதியை வெள்ளையரின் விளையாட்டரங்குக்காக எடுத்துக்கொண்ட நிலம் அது. பூங்காவை ஒட்டி, குறைந்த வாடகை வீடுகளுக்காக நகரசபை சில ஏக்கரை ஒதுக்கியது. தாமதம் என்பேன். பூங்காவும் பாலமும் வருவதற்கு முன்பே, நிலம் மலிவாக இருந்தபோதே, இதைச் செய்திருக்க வேண்டும். கடைத்தெருவை எழுப்பத் திட்டம் போடும் எந்த ஊரும், முதல் மரத்தை நடும் அன்றே பக்கத்துத் தெருக்களில் கொஞ்சம் நிலத்தைப் பொது உடைமையாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சின்னக் கடைக்காரர்களுக்கும் அதே பாதுகாப்பு தேவை. ஆள் நடமாட்டம் பெருகியதும் முதலில் ஏறுவது அவர்களுடைய வாடகைதான்.

இத்தனை நடைபாதையையும் மரத்தையும் விளக்கையும் பராமரிக்கப் பணம் யார் கொடுப்பது என்பது தனிக் கதை. டொரன்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்கள், 1970ல் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)